பூனைக்குச் சோறு வைக்கிறவர்கள் கூண்டும் வைக்க வேண்டும்

ஓட்டுவீடு (தெற்கு மாசி வீதி, மதுரை)
திங்கள், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

எங்கள் சந்தில் பதினொரு வீடு. எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை, மொட்டைமாடியில் ஏறினால் கடைசி வீடு வரைக்கும் நடந்தே போய்விடலாம். இன்றைய கணக்கில் பத்தொன்பது பூனை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் மூன்று நிறம் கலந்த பூனை ஒன்று எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒண்டியது. விலா எலும்பு தெரிந்தது. நான்தான் சோறும் மீன் தலையும் வைத்தேன். அது குட்டி போட்டது, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. இப்போது பெரிய பெட்டை ஆறு, கடுவன் நாலு, குட்டி ஒன்பது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கடுவன்கள் ஓட்டின் மேல் கட்டிப் புரளும்போது பச்சைக் குழந்தை அலறுவது போல இருக்கிறது. எதிர்வீட்டு மதினி துளசித் தொட்டி மண்ணை மூன்று தடவை மாற்றிவிட்டார். பக்கத்து வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள், பூனைக் கழிவு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லி அந்த வீட்டில் பயந்து போயிருக்கிறார்கள். நேற்று எல்லாரும் கூடிப் பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சாக்கில் பிடித்து அழகர்கோவில் அடிவாரத்தில் விடுவதாக முடிவு செய்துவிட்டார்கள். “நீ வைத்த சோறுதானே” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆறு நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

திருநகர் அக்கா
திங்கள், இரவு 10.25

தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நிறுத்துங்கள். வீடு வீடாகப் போய் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். “என் பொறுப்பு, நான் ஆபரேஷன் பண்ணி விடுகிறேன், இனிமேல் ஒரு குட்டி பிறக்காது” என்று சொல்லுங்கள். கோபமாக இருப்பவர்களுக்கும் வேண்டியது அதுதான், சத்தமும் நாற்றமும் குறைய வேண்டும், அவ்வளவே.

நான் ஒன்பது வருடமாகத் திருநகரிலும் பசுமலைப் பக்கத்திலும் இதைச் செய்கிறேன். ஆரம்பத்தில் நானும் சோறு மட்டும்தான் வைத்தேன். வயிறு நிறைந்த பெட்டை நன்றாகச் சினை பிடிக்கும், பட்டினி கிடந்தால் செத்திருக்கும் குட்டிகளும் பிழைக்கும். நான் ஒரு கிண்ணத்தில் வைத்த சோறு அடுத்த வருடம் பன்னிரண்டு குட்டிகளாகச் சாக்கடை ஓரத்தில் கண்ணில் சீழ் கட்டிக் கிடந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சோறு வைக்க ஆரம்பித்துவிட்டால் கூண்டும் நாம்தான் வைக்க வேண்டும். உங்கள் காலடிச் சத்தத்துக்கு ஓடி வருகிற பூனை, கூலிக்குப் பிடிக்க வருகிற ஆளுக்கு வருமா? ஊரிலேயே அதைப் பிடிக்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கணக்கைப் பாருங்கள். பெட்டை நாலு, ஐந்து மாதத்திலேயே சினையாகிவிடும். 63 முதல் 65 நாளில் ஈனும். குட்டிகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும். பூனைக்குப் பருவம் என்பது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் நின்றுவிடும், நம்மூரில் பகல் அப்படிச் சுருங்குவதில்லை, அதனால் ஆடி, தை என்ற பேதமே கிடையாது. இன்னொன்று, பூனைக்கு இணை சேர்ந்தால்தான் முட்டையே வெளியேறும், ஆகவே தவறிப்போவது குறைவு. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களின் குட்டிகள்கூட இருக்கும். நாலு கடுவனில் மூன்றுக்கு ஆபரேஷன் செய்தாலும் மிச்சம் இருக்கிற ஒன்று ஆறு பெட்டைக்கும் போதும். அதனால் பெட்டைகளை முதலில் பிடியுங்கள், கடுவன் அப்புறம். மூன்று நிறம் கலந்த பூனை என்றால் ஏறக்குறைய எல்லாமே பெட்டைதான், காவி நிறத்தில் பெரும்பாலும் கடுவன். தூரத்தில் இருந்து பார்த்து முடிவு செய்ய இது உதவும்.

மாசமாக இருக்கும் பெண் விஷயம். பயம் முழுக்கப் பொய்யில்லை, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கும் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒரு கிருமி. அது பூனையின் கழிவில் வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றுகிற நிலைக்கு வரும். தினமும் அள்ளிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. அந்தப் பெண் மட்டும் தொட்டி மண்ணைக் கையால் தொட வேண்டாம், வேறு யாராவது கையுறை போட்டுக்கொண்டு அள்ளட்டும். கீரையை நன்றாகக் கழுவட்டும், கறியை நன்றாக வேக வைக்கட்டும். அரைவேக்காட்டுக் கறியில் இருந்தும் இதே கிருமி வரும், அதை யாரும் சொல்வதில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாலுமுக்கு
செவ்வாய், காலை 6.50

இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு? எங்கள் காம்பவுண்டில் இருந்த எட்டையும் போன வருடம் வேனில் ஏற்றி அரிட்டாபட்டிப் பக்கம் விட்டோம். காடு, மலை, எலி, ஓணான் எல்லாம் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மனிதர்கள் குடியிருக்கிற இடத்தில் மனிதர்களுக்குத்தான் முதல் உரிமை என்று நினைக்கிறேன்.

கண்மாய்க்கரை
செவ்வாய், காலை 8.15

அண்ணே, திரும்பி வரவில்லை என்றால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. தெருவில் பிறந்த பூனைக்கு எந்த ஓட்டு இடுக்கில் ஒளிவது, எந்தக் கடை வாசலில் எத்தனை மணிக்குக் கழிவு விழும் என்பதுதான் உலகம். அதைத் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் முதல் இரண்டு நாள் எங்காவது பதுங்கிக் கிடக்கும், அப்புறம் தாகம், நாய், ரோடு.

அதைவிட எனக்குப் பெரிய வருத்தம் நீங்கள் விட்ட இடம். நான் பதினைந்து வருடமாகச் சாமநத்தம், அரிட்டாபட்டிப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவன். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே கவுதாரியும் ஆள்காட்டியும் பக்கியும் தரையில்தான் முட்டையிடும். பக்கி காய்ந்த சருகு மாதிரியே முட்டை மேல் உட்கார்ந்திருக்கும், மனிதன் கண்ணுக்கு ஒரு அடி தூரத்தில்கூடத் தெரியாது, பூனையின் மூக்குக்குத் தப்பாது. பசியோடு எட்டுப் பூனையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். அந்தக் காட்டுக்கென்று சொந்தமாகக் காட்டுப்பூனை உண்டு. தெருவில் இருந்து போகிற பூனையின் நோய்கள் அதற்கும் ஒட்டும்.

சோறு வைக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. திருநகர் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷன் செய்த பூனையும் அணிலைப் பிடிக்கும், தேன்சிட்டுக் கூட்டைக் கலைக்கும். என் வீட்டு முருங்கையில் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான் மூன்று வருடமாகக் கூடு கட்டியது, எதிர்வீட்டில் பூனைக்கு உணவு வைக்க ஆரம்பித்த வருடத்தோடு சரி. இரண்டு குஞ்சையும் பூனை எடுத்ததை நானே பார்த்தேன். அந்த வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும், ஆபரேஷன் முடிந்த அடையாளமாக, காது நுனி வெட்டியிருந்தது.

திருநகர் அக்கா
செவ்வாய், மதியம் 2.05

கோபிக்க என்ன இருக்கிறது, நீங்கள் சொல்வது உண்மை. கருத்தடை குட்டியைத்தான் நிறுத்தும், வேட்டையை நிறுத்தாது. இதை மறைத்துவிட்டு “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்கிற ஆட்களோடு எனக்கும் சண்டை உண்டு. பூனையின் எண்ணிக்கை குறைவதுதான் பறவைக்கு நான் செய்ய முடிந்த உதவி, அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் நான் பிடிவாதமாக வைத்திருக்கிற பழக்கங்கள் சில இருக்கின்றன. கண்மாய்க் கரையிலோ கரட்டு ஓரத்திலோ உணவு வைக்க மாட்டேன், வைக்கிறவர்களையும் தடுப்பேன். காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம், அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். பழகிய குட்டிகளை வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன்.

நாலுமுக்கு அண்ணே, உங்களுக்கும் ஒன்று. கேட்பாரில்லாமல் பசி தாகத்தில் வாடும்படி மிருகத்தைக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். விஷம் வைப்பதோ அடித்துக் கொல்வதோ என்றால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரைக்கும் சிறை. இது என்ன வெளிநாட்டுப் பழக்கம் என்று போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த 1960 சட்டத்துக்காக ராஜ்ய சபாவில் முதலில் மசோதா கொண்டுவந்து போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904-இல் இதே மதுரையில் பிறந்தவர். 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். அவர் நம் ஊர்க்காரர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உங்கள் காம்பவுண்டில் இப்போது பூனை இருக்கிறதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

நாலுமுக்கு
செவ்வாய், இரவு 8.30

இருக்கிறது. நாலு. கார்த்திகையில் இருந்து வர ஆரம்பித்தன, எங்கிருந்து என்று தெரியவில்லை. முனையில் கோழிக்கடை இருக்கிறது.

அரிட்டாபட்டி பற்றி எனக்குத் தெரியாது. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டோம்.

அப்பத்தாவீடு (மேலூர்)
செவ்வாய், இரவு 9.10

எனக்கு ஒரு சங்கடம், திட்டாமல் பதில் சொல்லுங்கள். எங்கள் அப்பத்தா பூனையை அடித்தாலே பாவம், பொன்னால் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்பார். பிள்ளை பெறுகிற உயிரின் வயிற்றைக் கிழித்துக் கர்ப்பப்பையை எடுப்பது அதைவிடப் பெரிய பாவம் இல்லையா? அதுவும் சினையாக இருந்தால்? இரண்டு தடவை கூண்டு வரைக்கும் போய்விட்டு இதை நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர்
புதன், காலை 5.55

அம்மா, முப்பத்தொரு வருடம் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். உங்கள் சங்கடம் நியாயமானது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மயக்க ஊசி போட்ட பிறகு அதற்கு ஒன்றும் தெரியாது. கை பழகிய டாக்டர் என்றால் பெட்டைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது, கடுவனுக்கு ஐந்து நிமிஷம். விலாப் பக்கமாக வெட்டச் சொல்லுங்கள், தெருப் பூனைக்கு அதுதான் வசதி. காயம் பக்கவாட்டில் இருப்பதால் அதைத் தொடாமல் தூரத்தில் நின்றே பார்க்கலாம், பால் கொடுக்கிற பூனையாக இருந்தாலும் மடி பாதிக்காது. தானாகக் கரைகிற தையல்தான் வேண்டும், பிரிப்பதற்கு இன்னொரு தடவை அதைப் பிடிக்க முடியாது. அந்த மயக்கத்திலேயே இடது காது நுனியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவார்கள். ஆபரேஷன் முடிந்த பூனை என்பதற்கு அது அடையாளம். அந்த அடையாளம் இல்லாமல் விட்ட பூனையை இன்னொருவர் பிடித்துக் கொண்டுவந்து, மறுபடியும் வயிற்றைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் மூடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வலி தேவையே இல்லாதது.

சினையைப் பற்றிக் கேட்டீர்கள். இளம் சினை என்றால் அதே ஆபரேஷனில் எடுத்துவிடுவார்கள். நிறைமாதம் என்றால் நான் விட்டுவிடச் சொல்வேன். ஈன்று, குட்டிகளுக்கு ஐந்தாறு வாரம் ஆன பிறகு தாயைப் பிடிக்கலாம். இது என் மனசுக்குப் பட்டது, வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு.

பாவத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆவணி, புரட்டாசியில் பெட்டி பெட்டியாகக் குட்டிகளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கண் திறக்காதவை. காலையில் கேட்டைத் திறக்கும்போது எறும்பு மொய்த்திருக்கும். அவற்றை எடுத்துப் புதைத்தது நான்தான். உங்கள் அப்பத்தா அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

வில்லாபுரம் தையல்காரி
புதன், காலை 11.20

கம்பவுண்டர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் இருந்தேன்.

போன வைகாசியில் முதல் முறையாக ஒரு சாம்பல் நிறப் பெட்டையைப் பிடித்தேன். பிடிபட்டதே என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன இடத்தில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள், சரி என்று வந்துவிட்டேன். அது பால் கொடுக்கிற பூனையா என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பரணில் இருந்து மெல்லிய சத்தம். ஏறிப் பார்த்தால் பழைய மெத்தைக்குள் மூன்று குட்டி. இரண்டு விறைத்துப் போயிருந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த ஒன்று பிழைத்தது. இரண்டரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, பூனைக்குட்டிக்கென்று கடையில் விற்கும் பால்மாவைக் கரைத்துச் சிரிஞ்சில் கொடுத்தேன். பசும்பால் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றோட்டம் பிடித்து ஒரே நாளில் காய்ந்துபோகும். ஆறிய உடம்புக்கு முதலில் சூடுதான் கொடுக்க வேண்டும், வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து. உடம்பு சில்லென்று இருக்கும்போது பாலைப் புகட்டினால் செரிக்காது.

இப்போது பெட்டை கூண்டில் விழுந்ததும் முதலில் டார்ச் அடித்து வயிற்றைத்தான் பார்ப்பேன். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்பு நீண்டு ரோஸ் நிறத்தில் இருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது. குட்டிகளைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அதை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

ஓட்டுவீடு
புதன், இரவு 10.00

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மாதத் தவணை கிடைத்துவிட்டது, மதினிதான் மற்றவர்களிடம் பேசினார். செலவுக்கு மூன்று வீடு பங்கு போடுகிறோம் என்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் கூண்டுக்குச் சொல்லப் போகிறேன். அளவு, பிடிக்கிற முறை எல்லாம் அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

திருநகர் அக்கா
புதன், இரவு 11.15

கூண்டு மூன்று அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம். கம்பி வலை அரை அங்குலக் கட்டத்துக்கு மேல் வேண்டாம், நகம் மாட்டிப் பிய்ந்துபோகும். உள்ளே கடைசியில் மிதிபலகை, மிதித்ததும் பின்னால் கதவு விழ வேண்டும். கதவின் விளிம்பில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றுங்கள், வால் மாட்டினாலும் நசுங்காது, சத்தமும் வராது. அந்தச் சத்தத்தைக் கேட்ட மற்ற பூனைகள் மறுபடியும் கூண்டுப் பக்கம் வர ஒரு மாதம் ஆகும்.

பிடிப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆள். கூண்டின் கதவைக் கயிற்றால் திறந்தபடியே கட்டிவிட்டு அதற்குள் சோறு வையுங்கள். முதலில் வாசலில், அப்புறம் நடுவில், கடைசியில் மிதிபலகைக்கு அப்பால். பிடிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி ஒன்றும் வைக்காதீர்கள், பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிடுங்கள். இரைக்கு நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில்லாமல் வறுத்து வைத்தால் மூன்று மாடி தாண்டி வாசம் போகும், இல்லை மத்தித் தலை. விழுந்த அடுத்த நொடி கூண்டின் மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடுங்கள். இருட்டானதும் அது அடங்கும். மூடாவிட்டால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

நேரம் விடியற்காலை நாலரை, ஐந்து. சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணிக்கு மேல் கூண்டை வெளியில் விட்டுவைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. திருவிழா நாட்களில் வேண்டாம், கூட்டமும் வேட்டும் இருக்கும்போது எதுவும் வெளியே வராது. கூண்டை வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஊருக்கு வெளியே வைக்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன்: மரநாய், கீரி, சில சமயம் காட்டுப்பூனைகூட விழும். நீண்ட கால், காது நுனியில் சின்னக் குஞ்சம், குட்டை வாலில் கறுப்பு வளையம் இருந்தால் அது காட்டுப்பூனை, 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டத்தில் வருவது. அங்கேயே கதவைத் திறந்து விட்டுவிடுங்கள்.

குட்டிகளுக்கு ஒரு கிலோ எடை வந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள் எங்கள் டாக்டர். ஏழெட்டு வாரத்துக்குள் கையில் எடுத்துப் பழக்கினால் வீட்டுப் பூனையாகும், அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மனிதரை நம்பாது. மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநாய்த் தடுப்பூசியையும் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து பெட்டையை இரண்டு நாள், கடுவனை ஒரு நாள் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.

எனக்குத் தெரிந்த தனியார் டாக்டர் பெட்டைக்கு 3,500 ரூபாய், கடுவனுக்கு 2,000 வாங்குகிறார், சேர்த்துக் கொண்டுபோனால் குறைப்பார். போவதற்கு முன் போன் செய்து, அதட்டினால் சீறுகிற தெருப் பூனை, கையில் எடுக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மடியில் வைத்துக் கொஞ்சுகிற பூனைக்குத் தயாராக இருக்கிற இடத்தில் இதைத் திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் ரத்தம்.

காஜிமார் தெரு
வியாழன், காலை 7.30

அந்த ரத்தத்துக்கு நானே சாட்சி. எங்கள் பக்கம் பூனையை யாரும் விரட்ட மாட்டோம், சின்ன வயதிலேயே அப்படிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த உரிமையில் கூண்டில்லாமல் துண்டைப் போட்டு ஒரு கடுவனை அமுக்கிவிட்டேன். கட்டை விரலில் பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் கொண்டு ஓடி வந்தார்கள். நல்ல வேளை, பக்கத்துக் கடைக்காரர் தடுத்துக் குழாயடியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்தார். அப்புறம் பெரியாஸ்பத்திரியில் ஊசி, அன்றைக்கே ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். காசு எதுவும் வாங்கவில்லை. காயம் ஆழம் என்பதால் கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டார்கள். நாய்க்கடிக்கு மட்டும்தான் அந்த ஊசி என்று நினைத்திருந்தேன். பூனை கீறினாலும் போட வேண்டும். மறுநாள் விரல் வீங்கி ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டேன், பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே காயம் மூடிவிடும், உள்ளே சீழ் வைக்கும்.

அரிசிமண்டி (கீழவாசல்)
வியாழன், மதியம் 1.40

எல்லாப் பூனைக்கும் ஆபரேஷன் செய்துவிட்டால் எலிக்கு என்ன வழி? எங்கள் கிட்டங்கியில் பூனை இல்லாவிட்டால் மூட்டை மிஞ்சாது.

திருநகர் அக்கா
வியாழன், மாலை 4.00

அண்ணாச்சி, காது வெட்டிய பூனையும் எலி பிடிக்கும், பயப்படாதீர்கள். இரண்டு பெட்டைக்கு ஆபரேஷன் செய்து கிட்டங்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சண்டையும் ஊர் சுற்றலும் குறைந்து அங்கேயே கிடக்கும். எலிக்கு விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் போகும், ஆந்தையும் போகும்.

ஓட்டுவீடு
ஒன்பது வாரம் கழித்து, சனி, இரவு 9.20

இத்தனை நாள் இங்கே எழுதவில்லை, மன்னியுங்கள். எழுத நேரமும் இல்லை, நடுவில் மனசும் இல்லை.

ஆறு பெட்டையில் ஐந்து முடிந்தது. கடுவன் நாலில் மூன்று. முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. அப்புறம் குட்டிகளில் ஒன்று சாப்பிடாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. வெயில் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிட்டேன். மறுநாள் மஞ்சளாக வாந்தி. டாக்டர் பார்த்ததுமே பான்லூக்கோபீனியா என்றார், பூனைகளுக்கு வருகிற பார்வோ வைரஸ் நோய். அந்தக் குட்டியும் அதன் கூடப் பிறந்ததும் இரண்டே நாளில் போய்விட்டன. பக்கத்து வீட்டுத் தாத்தா நல்லெண்ணத்தில் இன்னொரு குட்டிக்குக் காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போனார், ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அதைச் சிதைத்து வெளியேற்ற அதன் ஈரலால் முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாடிப்படி, முற்றம் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் மற்றவற்றை விட்டோம். பினாயில் ஊற்றாதே, அதை நக்கினாலும் பூனைக்கு ஆகாது, இந்த வைரஸும் அதில் சாகாது என்றார். மிச்சம் ஏழு குட்டிக்கும் அதற்கான தடுப்பூசி போட்டாயிற்று. நாலு வீடு போய்ச் சேர்ந்துவிட்டன, அதில் ஒன்று எதிர்வீட்டு மதினியிடம். மூன்று இன்னும் ஒரு கிலோ வரவில்லை, வாரம் ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் கூடையோடு வைத்துப் பார்க்கிறேன்.

ராத்திரிச் சத்தம் நின்றுவிட்டது. முழுசாக இல்லை, அந்த நாலாவது கடுவன் இன்னும் சுற்றுகிறது. முற்றத்து மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டியில் ஆற்று மணல் கொட்டி வைத்தேன், பாதிப் பூனைகள் அங்கே போகின்றன. தினமும் காலையில் நான் அள்ளிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு முடிந்தது, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள்.

பிடிபடாத அந்த ஒரு பெட்டை, முதன்முதலில் மழைக்கு ஒண்டிய அதே மூவர்ணப் பூனைதான். அதன் மகள்கள் நாலு பேரும் கூண்டில் விழுந்ததை மாடிச் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அன்றையில் இருந்து கூண்டைக் கண்டால் இரண்டு கை தூரத்தில் நின்றுவிடும். பன்னிரண்டு நாளாகக் கதவைக் கட்டிவைத்து அதற்குள்தான் சோறு வைக்கிறேன். முதலில் கழுத்தை மட்டும் நீட்டி, பின்கால்களை வெளியே ஊன்றிக்கொண்டு, எட்டினதை இழுத்துத் தின்றது. வயிற்றைப் பார்த்தால் சினை இல்லை என்று தோன்றுகிறது, ஆனால் கடுவன் சுற்றுகிறது, நாள் அதிகம் இல்லை. இன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கருவாட்டை மிதிபலகைக்கு அப்பால் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்கால் இரண்டும் உள்ளே வந்தன. வால் நுனி மட்டும் வெளியே இருந்தது. கதவைக் கட்டிய கயிறு என் கையில் இருந்தது, அவிழ்க்கவில்லை.

நாளைக்கு ராத்திரி சோறு கிடையாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

திருநகர் அக்கா
சனி, இரவு 9.45

நாலு மணிக்கே போன் செய்யுங்கள் தம்பி. என் கூண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், அந்தக் கடுவனுக்கு.